விற்க நினைப்பவர் தேடும் நேரத்தில் கண்ணில் படுவது எப்படி?

கேள்வி இதுதான்: பழைய வீடுகளை உரிமையாளர்களிடமிருந்து நேரடியாக வாங்கிப் பழுதுபார்த்து, வாடகைக்கு விடவோ மறுபடி விற்கவோ விரும்புகிறார் ஒரு சிறு முதலீட்டாளர். இணையதளம் இருக்கிறது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூன்றிலும் பக்கம் இருக்கிறது, ஆறு மாதமாகக் கூகுள் விளம்பரத்துக்கும் பணம் கட்டுகிறார். ஆனால் வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை வாடகைக்கு வீடு கேட்பவர்களுடையவை, வேலை கேட்பவர்களுடையவை, தரகர்களுடையவை. எதை மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்.

உங்கள் விளம்பரக் கணக்கை நான் பார்க்கவில்லை. ஆனால் உங்களுக்கு வரும் அழைப்புகளே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் எல்லோரிடமும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சொத்து முதலீட்டாளருக்கு வெளியாட்களில் மூன்று வகையினர் தேவைப்படுகிறார்கள்: வீட்டை விற்பவர், வாங்குபவர் அல்லது வாடகைக்கு வருபவர், கூடச் சேர்ந்து பணம் போடுபவர். இந்த மூவருக்கும் கவலை வேறு, தேடும் சொல் வேறு, நம்பிக்கை பிறக்கும் இடமும் வேறு. மூவரையும் ஒரே முகப்புப் பக்கத்தில் வரவேற்றால், அந்தப் பக்கம் தமக்காக எழுதப்பட்டது என்று ஒருவருக்கும் தோன்றாது. உங்களுக்கு இப்போது வேண்டியவர் விற்பவர் என்பதால், இந்தப் பதிலின் பெரும்பகுதியை அவருக்கே ஒதுக்குகிறேன்.

ஒருவர் தம் வீட்டைத் திறந்த சந்தையில் நல்ல விலைக்கு விற்க முடியும் என்றால் முதலீட்டாளரிடம் வரமாட்டார். வருகிறவருக்கு ஒரு நிலைமை இருக்கும். பெற்றோர் மறைந்தபின் உடன்பிறந்தவர்களுக்குள் பிரிக்க முடியாமல் பூட்டிக் கிடக்கும் வீடு, வேலை மாற்றத்தால் இரண்டு மாதத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டிய குடும்பம், கூரை ஒழுகியும் செப்பனிடப் பணமில்லாத முதியவர், தவணை கட்ட முடியாமல் நிற்கும் கடன்தாரர் என்று ஏதோ ஒன்று. இவர்கள் எவரும் இன்ஸ்டாகிராமில் காணொளி பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டை விற்க முடிவெடுப்பதில்லை. பல மாதம் தள்ளிப்போட்ட விஷயம் ஒரு நாள் தவிர்க்க முடியாததாகிறது. அன்று இரவு கைப்பேசியில் தேடுகிறார்கள். ஆகவே உங்கள் பணத்தில் முதல் பங்கு தேடல் விளம்பரத்துக்கும் தேடலில் கிடைக்கும் கட்டுரைகளுக்கும் போகவேண்டும் என்பதே என் கருத்து. சமூக ஊடகப் பக்கத்தின் வேலை அதற்குப் பிறகு வருகிறது: உங்கள் பெயரைக் கண்டுபிடித்தவர், நீங்கள் உண்மையான மனிதர்தானா என்று சரிபார்க்க அங்கே வருவார். வாரம் ஒரு பதிவு அதற்குப் போதும்.

இனி விளம்பரக் கணக்குக்கு வருவோம். இன்றே திறந்து பார்க்கவேண்டியது தேடல் சொற்கள் அறிக்கை. விளம்பரம் தெரிவதற்காக நீங்கள் பணம் கொடுக்க முன்வந்திருக்கும் சொல் ஒன்று; மக்கள் உண்மையில் தட்டச்சு செய்த சொல் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்த அறிக்கைதான் காட்டும். உங்கள் சொல்லை மக்களின் தேடலோடு பொருத்தக் கூகுளில் மூன்று வகை உண்டு: தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரத்தைக் காட்டும் விரிந்த பொருத்தம், அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்களுக்குக் காட்டும் சொற்றொடர்ப் பொருத்தம், அதே பொருளுள்ள தேடல்களுக்கு மட்டும் காட்டும் துல்லியப் பொருத்தம். எதையும் குறிப்பிடாமல் சொல்லைச் சேர்த்தால் அது விரிந்த பொருத்தமாகவே எடுத்துக்கொள்ளப்படும். நான் பார்த்த ஒரு கணக்கில் ‘வீடு விற்பனை’ என்ற சொல் அப்படித்தான் சேர்க்கப்பட்டிருந்தது. அறிக்கையைத் திறந்தபோது வரிசையாக நின்றவை இவை: ‘விற்பனைக்கு வீடு’, ‘வீடு விற்பனை ஒப்பந்த மாதிரி’, ‘வீடு விற்பனை நிறுவனத்தில் வேலை’, ‘குறைந்த முன்பணத்தில் வீடு’. இவற்றில் ஒன்றைக்கூட வீட்டை விற்பவர் தேடியிருக்க மாட்டார். ஒவ்வொரு சொடுக்குக்கும் பணம் போயிருந்தது. அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, ‘என் வீட்டை விற்க வேண்டும்’, ‘பழுதான வீட்டை வாங்குபவர்’, ‘வாரிசு வீட்டை விற்பது எப்படி’ போன்ற, விற்பவரின் வாயிலிருந்து வருகிற சொற்களைச் சொற்றொடர்ப் பொருத்தத்தில் வைத்தோம். வேலை, வாடகை, மாதிரிப் படிவம், வட்டி விகிதம் ஆகியவற்றை விலக்குச் சொற்களாக, அதாவது தேடலில் இருந்தால் விளம்பரத்தைக் காட்டாமல் தடுக்கும் சொற்களாகச் சேர்த்தோம். விலக்குச் சொற்களில் ஒரு நுணுக்கம் உண்டு: அவை தாமாக விரிவதில்லை. ஒருமையைச் சேர்த்தால் பன்மை தடுக்கப்படாது. ஒரு சொல்லைச் சேர்த்தால் அதே பொருளுள்ள வேறு சொல் தடுக்கப்படாது. அதனால் முதல் இரண்டு மாதம் வாரந்தோறும் அறிக்கையைப் படித்து, கைப்பட ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சொற்களைத் திருத்துவது மட்டும் போதாது. ஒவ்வொரு சொடுக்குக்கும் எவ்வளவு கொடுப்பது என்பதைக் கூகுளே முடிவு செய்யும் தானியங்கி விலைகோரலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எதை வெற்றியாகக் கணக்கிடுமாறு அதற்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ‘படிவம் நிரப்பப்பட்டது’ அல்லது ‘அழைப்பு வந்தது’ என்றுதான் இருக்கும். வாடகைக்கு வீடு கேட்டவர் அழைத்தாலும் அந்த முறைக்கு அது வெற்றியே. அவரைப் போன்ற இன்னும் பலரைத் தேடிக் கொண்டுவருவதுதான் தன் கடமை என்று அது கற்றுக்கொள்கிறது. ஆறு மாதமாக நீங்கள் பணம் கொடுத்து அதற்குத் தவறான பாடம் நடத்தியிருக்கிறீர்கள் என்றே நான் நினைக்கிறேன். இதற்கு மருந்து இருக்கிறது. விளம்பரத்தின் ஒவ்வொரு சொடுக்குக்கும் கூகுள் தரும் அடையாளக் குறியீட்டைப் படிவத்தோடு சேர்த்துச் சேமித்துவையுங்கள். அவரிடம் பேசி, உண்மையாகவே வீட்டின் உரிமையாளர், விற்கும் எண்ணமும் இருக்கிறது என்று தெரிந்தபின், அந்த விசாரணையை மட்டும் வெற்றியாகக் கணக்கில் திரும்ப ஏற்றுங்கள். வாங்கி முடித்ததை மட்டும் வெற்றியாக வைத்தால், சிறு முதலீட்டாளருக்கு ஆண்டுக்குச் சில நிகழ்வுகளே கிடைக்கும். கற்றுக்கொள்ள அது போதாது. ‘தகுதியான விசாரணை’ என்ற நடுப்படிதான் நடைமுறைக்கு ஏற்றது.

இட அமைப்பைப் பற்றிப் பலர் சொல்லும் அறிவுரையிலிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டுவது கூகுளின் இயல்பான அமைப்பு. அதை உடனே ‘அங்கே இருப்பவர்களுக்கு மட்டும்’ என்று மாற்றச் சொல்வார்கள். வீட்டை விற்க வாய்ப்புள்ளவர்களிலோ, வேறு ஊரில், வேறு நாட்டில்கூட வாழ்ந்துகொண்டு தூரத்தில் கிடக்கும் குடும்ப வீட்டைப் பராமரிக்க முடியாமல் திணறுபவர் முக்கியமானவர். ஆகவே இரண்டு விளம்பரத் தொகுப்புகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று அந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்கு மட்டும்; மற்றொன்று வெளியே இருப்பவர்களுக்கு, பகுதியின் பெயரோடு சேர்ந்த தேடுசொற்கள் மட்டும், குறைந்த தொகையில். இரண்டையும் கலந்துவிட்டால் எது பலன் தருகிறது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

விளம்பரம் கொண்டுவந்து விடும் பக்கத்தைத் திருத்துவது செலவைக் குறைக்கும் வேலையும்கூட. ஒவ்வொரு தேடலின்போதும் விளம்பரங்களுக்கு இடையே கூகுள் நடத்தும் ஏலத்தில் உங்கள் இடத்தை முடிவு செய்வது நீங்கள் கோரும் தொகை மட்டுமல்ல; தேடலுக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு பேர் சொடுக்கக்கூடும், சேரும் பக்கம் பயனுள்ளதா என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பக்கம் வேகமாகத் திறக்கவேண்டும். முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிவது நல்ல நிலை என்று கூகுள் வரையறுத்திருக்கிறது. பெரிய படங்களைச் சுருக்கினாலே பெரும்பாலான தளங்கள் அந்த அளவுக்கு வந்துவிடும்.

பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே இதைவிடப் பெரிய விஷயம். ஒரு முதலீட்டாளரின் பக்கத்தில் 11 கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது: கட்டிய ஆண்டு, அறைகளின் எண்ணிக்கை, கடன் பாக்கி, விற்கும் காரணம், எதிர்பார்க்கும் விலை என்று நீண்டுகொண்டே போனது. தந்தையை இழந்த ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் அதை நிரப்ப உட்கார்ந்தால், ஐந்தாம் கேள்வியில் மூடிவிடுவார். பெயர், தொலைபேசி எண், வீட்டின் முகவரி ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினோம். படிவத்துக்கு மேலே இருந்த ‘உங்கள் கனவுகளை நனவாக்குகிறோம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, அடுத்து நடக்கப்போவதை அப்படியே எழுதினோம்: “முகவரியை அனுப்பினால் அன்றே நான் அழைப்பேன். உங்களுக்கு வசதியான நாளில் வந்து அரை மணி நேரம் வீட்டைப் பார்ப்பேன். இரண்டு நாளில் விலையை எழுத்தில் தருவேன். அந்த விலை சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு, ஏன் குறைவு என்ற கணக்கும் அதே தாளில் இருக்கும்.”

இந்தக் கடைசி வரியை எழுத முதலீட்டாளர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. முழுச் சந்தை விலையை எதிர்பார்ப்பவர் அந்த வரியிலேயே விலகிவிடுவார். அவர் வீட்டுக்குப் போய் வரும் நேரம் உங்களுக்கு மிச்சம். விலகாமல் தொடர்ந்து படிப்பவர், மறைக்காமல் சொன்ன ஒருவரிடம் பேசப்போகிறோம் என்ற எண்ணத்தோடு அழைப்பார். கணக்கைக் காட்டுவதும் கடினமல்ல. வாங்கிச் சீரமைத்து விற்பவர்களிடையே புழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: சீரமைத்த பின் வீடு போகக்கூடிய விலையில் 70 விழுக்காட்டை எடுத்து, அதிலிருந்து பழுதுச் செலவைக் கழிப்பது. சீரமைத்தபின் மதிப்பு 100, பழுது 15 என்றால் கிடைப்பது 55. ஒதுக்கிவைத்த 30-இல் வாங்கும் செலவு, விற்கும் செலவு, வட்டி, வரி, எதிர்பாராத பழுது, உங்கள் லாபம் எல்லாம் அடங்கும். இது விதியல்ல, விலை மெதுவாக நகரும் பகுதியில் 70 கூட அதிகமாக இருக்கலாம். வாடகைக்கு வைத்திருக்கப் போகிறவர், வாடகை வரவை வைத்து வேறு கணக்குப் போடவேண்டும். எந்தக் கணக்கானாலும் உங்கள் எண்களை விற்பவர் கண்ணுக்கு முன் வைத்தால், பேரம் மனிதர்களுக்கு இடையிலான இழுபறியாக மாறாமல் செலவுகளைப் பற்றிய பேச்சாக இருக்கும்.

முகவரியைத் தட்டியதும் உடனடி விலையைக் காட்டும் கருவியைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அமெரிக்காவின் மிகப் பெரிய சொத்துத் தளங்களில் ஒன்றான ஸில்லோ, தன்னிடம் குவிந்திருந்த தரவுகளை நம்பி 2018-இல் வீடுகளை நேரடியாக வாங்கி விற்கும் தொழிலைத் தொடங்கியது. வருங்கால விலையைக் கணிப்பது எதிர்பார்த்ததைவிட மிகக் கடினமாக இருக்கிறது என்று சொல்லி 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. அடித்தளத்தில் ஈரம் ஏறியிருப்பதும் பின்சுவரில் விரிசல் ஓடியிருப்பதும் முகவரியில் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்காமல் சொன்ன விலையைப் பிறகு குறைக்கும்போது, நீங்கள் பார்த்த உண்மையைச் சொன்னாலும் ஏமாற்றுகிறீர்கள் என்றே விற்பவர் நினைப்பார்.

இப்போது அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. 2011-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் வெளியான ஓர் ஆய்வு, 2,241 அமெரிக்க நிறுவனங்கள் இணைய விசாரணைக்கு எவ்வளவு விரைவில் பதிலளித்தன என்று சோதித்துப் பார்த்தது. 23 விழுக்காடு நிறுவனங்கள் பதிலே தரவில்லை. 30 நாளுக்குள் பதில் தந்தவற்றின் சராசரி நேரம் 42 மணி. ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற நிறுவனங்களுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிட, முடிவெடுக்கும் நபருடன் பொருளுள்ள பேச்சு நடத்தும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. அது சொத்துத் தொழிலுக்கு மட்டுமான ஆய்வல்ல என்றாலும், நான் கண்டதும் அதுவே. விற்க நினைத்தவர் மூன்று பேருக்குப் படிவம் அனுப்புகிறார். முதலில் பேசுபவரிடம் மனம் திறக்கிறார். நீங்கள் பகலில் வேறு வேலையில் இருப்பவர் என்றால், நீங்களே எடுத்துப் பேசக்கூடிய நேரங்களில் மட்டும் விளம்பரம் ஓடும்படி அட்டவணை போடுங்கள். எடுக்க ஆளில்லாத நேரத்தில் விளம்பரம் ஓட வேண்டாம்.

அழைப்பில் என்ன பேசுவது என்பதும் விளம்பரத்தின் பகுதிதான். ஒரு முதலீட்டாளர் தம் அழைப்புகளை, மறுமுனையில் இருப்பவரின் ஒப்புதலோடு பதிவு செய்து என்னிடம் தந்திருந்தார். ஒரு பெண் தம் தந்தையின் வீட்டைப் பற்றிப் பேச அழைக்கிறார். இவர் கேட்கும் முதல் கேள்வி: “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” சற்று அமைதி. “இன்னும் யோசிக்கவில்லை, பிறகு கூப்பிடுகிறேன்” என்று அவர் வைத்துவிடுகிறார். மறுபடி அழைக்கவில்லை. “வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று தொடங்கியிருந்தால் அந்தப் பேச்சு கால் மணி நேரம் போயிருக்கும். வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கையெழுத்திட வேண்டியவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதிக்குள் முடிந்தால் அவருக்கு உதவியாக இருக்கும் என்பவை அந்தப் பேச்சிலேயே தெரிந்திருக்கும். சில சமயம் தேதி விலையைவிடப் பெரிதாக இருக்கும். கடன் நெருக்கடியில் இருப்பவரிடம் பேசும்போது, தவணையைத் திருத்தியமைக்கும்படி வங்கியிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். விற்காமலே அவர் பிரச்சினை தீருமானால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: நெருக்கடியில் இருப்பவரின் அறியாமையை லாபமாக்கும் தொழில் முறை நீடிப்பதில்லை, நீடிக்கவும் கூடாது.

கட்டணமில்லாத வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுள் வணிகப் பக்கம் திறந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் வந்துபோகும் அலுவலகம் இல்லையென்றால், முகவரியை மறைத்துச் சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம். விற்பனைக்கு அல்லது வாடகைக்கு இருக்கும் தனித்தனி வீடுகளுக்கு அப்படிப் பக்கம் திறக்க விதி இடம் தராது. மதிப்புரைகளை உங்களிடம் வீடு விற்றவர்களிடம் மட்டும் கேளுங்கள். விலைக்கு வாங்கிய மதிப்புரை ஒரு நாள் பக்கத்தையே முடக்கிவிடும். அடுத்து, விற்பவர்கள் உங்களிடம் உண்மையில் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதுங்கள். வாரிசுகளில் ஒருவர் மட்டும் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது, வாடகைதாரர் இருக்கும்போதே வீட்டை விற்கலாமா, அடமானம் மீதமிருக்கும் வீட்டை விற்கும் முறை என்ன போன்றவற்றுக்கு உங்கள் பகுதிச் சட்டப்படி, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து எழுதிய பதில்கள் பல ஆண்டு பலன் தரும். ஆனால் தேடலில் பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளே சொல்கிறது. அதுவரை கட்டண விளம்பரம்தான் கைகொடுக்கும்.

மற்ற இரு வகையினருக்கும் தனிப் பக்கங்கள் வையுங்கள். வாங்குபவருக்கும் வாடகைக்கு வருபவருக்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள், அளவுகளோடு தள வரைபடம், வீட்டின் குறைகளைச் சொல்லும் இரண்டு வரி ஆகியவை போதும். இங்கே சட்டத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வீடு தொடர்பான ஃபேஸ்புக் விளம்பரங்களை வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றைக் கொண்டு ஆள் பிரித்துக் காட்ட முடியாது. 2019-இல் பாகுபாட்டு வழக்குகளில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின் வந்த மாற்றம் அது. பணம் போடும் கூட்டாளிகளை இணையத்தில் பகிரங்கமாக அழைப்பது இன்னும் கூர்மையான விஷயம். பல நாடுகளில் அது பங்குப் பத்திரச் சட்டத்தின் கீழ் வரும்; அமெரிக்காவில் 2013 முதல் அப்படி விளம்பரம் செய்ய ஒரு வழி திறந்திருந்தாலும், தகுதி சரிபார்க்கப்பட்ட முதலீட்டாளர்களிடம் மட்டுமே பணம் பெற முடியும். ஆகவே ‘உறுதியான வருமானம்’ என்று ஒரு பதிவு போடுவதற்கு முன் உங்கள் நாட்டு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவு சரியா தவறா என்பதை ஒரே ஒரு எண்ணால் பாருங்கள்: ஒரு வீட்டை வாங்க விளம்பரத்துக்கு ஆன மொத்தச் செலவு. கணக்குக்காக, 100 சொடுக்கில் 4 பேர் தொடர்புகொள்கிறார்கள், தொடர்புகொண்ட 20 பேரில் ஒருவர் விற்கிறார் என்றால், ஒரு வீட்டுக்கு 500 சொடுக்கு தேவை. பக்கத்தைத் திருத்தி 4-ஐ 5 ஆக்கினால் 400 போதும். அதோடு பேச்சையும் திருத்தி 20-ஐ 15 ஆக்கினால் 300 போதும். சொடுக்கின் விலையைக் குறைக்கப் போராடுவதைவிட இந்த இரண்டு எண்களில் கைவைப்பது எளிது. ஓரிரு வாரத்தில் முடிவுக்கு வராதீர்கள். 300 சொடுக்கில் ஒரு வீடும் அமையாமல் போவது இந்தக் கணக்கிலேயே இயல்பானது.

கடைசியாக, வேண்டாம் என்றவர்களின் பட்டியல். முதல் அழைப்பில் விற்கத் தயாராக இருப்பவர் சிலரே. மீதிப்பேர் ‘இப்போது இல்லை’ என்பார்கள். அவர்களை அழித்துவிடாமல், மறுபடி அழைக்கலாமா என்று ஒப்புதல் கேட்டு, ஒரு விரிதாளில் பெயர், வீடு, அவர் சொன்ன தடை, அடுத்து அழைக்கவேண்டிய தேதி ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். இரண்டு வாரம், மூன்று மாதம், ஒன்பது மாதம் என்ற இடைவெளி எனக்குப் பொருந்திவந்திருக்கிறது. அந்த அழைப்புகளில் விலையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். தம்பி சம்மதித்துவிட்டாரா, வாடகைதாரர் காலி செய்துவிட்டாரா என்று, சென்ற முறை அவர் சொன்ன தடை என்னவாயிற்று என்பதை மட்டும் கேளுங்கள்.